ஆசிரியர்களுக்கான இரண்டு நாள் இஞ்ஞாசியார் தியானம்: ஒரு மதிப்பீடு

அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் பதினேழு ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வரும் நான், ஆசிரியர்களுக்கென்று, இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் மரபில் நடத்தப்பட்ட இரண்டு நாள் தியானத்தில் கடந்த மே மாதம் கலந்துகொண்டேன். பாடக்குறிப்பு, எமிஸ் என்னும் அரசின் பள்ளித் தகவல் தளத்தில் பதிவு, சிறப்பு வகுப்பு, விடைத்தாள் திருத்தம் என்று ஓடிய ஆண்டில் பிள்ளைகளின் முகங்களே மறந்துவிட்டன என்ற வருத்தத்தோடுதான் போனேன்.

இத்தியானத்தின் உயிர்நாடி அன்றாடத் தன்னாய்வு. 1548-இல் திருத்தந்தை (போப்) மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் புனித இஞ்ஞாசியார் இதற்கு ஐந்து படிகளை வகுத்திருக்கிறார். பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறி, தன்னை அறியும் அருளை வேண்டி, கழிந்த நாளை மணிவாரியாகத் திரும்பிப் பார்த்து, பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டு, திருந்துவதற்கு உறுதி கொள்ள வேண்டும். நெறிப்படுத்திய அருட்தந்தை, ‘மணிவாரியாக’ என்பதைப் ‘பாடவேளை வாரியாக’ என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார். இந்த ஒரு சொல் மாற்றத்துக்காகவே நான் செலுத்திய 1,200 ரூபாய் தகும்.

கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வேப்பமரத்தடியில் அமர்ந்து, கல்வியாண்டின் ஒரே ஒரு நாளை எட்டுப் பாடவேளைகளாகப் பிரித்து எழுதினேன். வீட்டுப்பாடம் எழுதி வராத ஒன்பதாம் வகுப்பு மாணவனை நான்காம் பாடவேளை முழுவதும் நிற்க வைத்தது நினைவுக்கு வந்தது. ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஆனால் அந்த நினைவில் நான் நொறுங்கிப் போகாததற்குக் காரணம், நன்றி கூறுதல் முதற்படியாக இருப்பதே. அதே நாளின் இரண்டாம் பாடவேளையில், பின்னக் கூட்டலைத் தன் தோழிக்குத் தாளை மடித்து விளக்கிய சிறுமியை அதற்கு முன்பே எழுதி வைத்திருந்தேன். களைத்த மனம் தன் குறைகளையே எண்ணும் என்பதால், இந்த வரிசையை மாற்றாமல் கடைப்பிடிப்பது மிகவும் முக்கியம் என்று கருதுகிறேன்.

இஞ்ஞாசியார் தம் முப்பத்து மூன்றாம் வயதில் பார்சலோனாவில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் பயின்றவர் என்பதைச் சொல்லி, நாம் கற்கத் தடுமாறிய ஒரு பொழுதை நினைவுகூரச் செய்த அமர்வும் நன்றாக இருந்தது.

இரண்டாம் நாள் பிற்பகல் அவ்வாறு அமையவில்லை. இயேசு சபை 1993-இல் வெளியிட்ட கற்பித்தல் வழிகாட்டி சூழல், அனுபவம், சிந்தனை, செயல், மதிப்பீடு என்னும் ஐந்து கூறுகளைக் கொண்டது. பாடத்தைத் தொடங்குமுன் பிள்ளை எந்த வீட்டிலிருந்து, எந்தக் கவலையோடு வருகிறது என்று பார்க்கச் சொல்லும் அரிய நெறி அது. அதை இரண்டு மணி நேரம் திரையில் காட்டி இடைவிடாமல் விளக்கியபோது, எதிரே அமர்ந்திருந்த எங்கள் களைப்பு என்னும் சூழலை யாரும் கவனிக்கவில்லை. தியானத்துக்குப் பின் தொடர்பில் இருக்க எந்த ஏற்பாடும் செய்யப்படாததும் குறையே.

பணிச்சுமைக்குச் செபம் மாற்றாகுமா என்று ஓர் ஆசிரியை கேட்டார். ஆகாது, சுமையைக் குறைக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, அதைக் கசப்பின்றிக் கேட்கும் தெளிவையே செபத்தில் தேடுங்கள் என்று அருட்தந்தை நேராகவே பதில் சொன்னார். அந்த நேர்மையினால்தான் மற்றவற்றையும் நம்பிக் கேட்டேன். இந்து, இஸ்லாமிய ஆசிரியர்களும் வந்திருந்தனர். கத்தோலிக்க வழிபாடான திருப்பலியில் பங்கேற்பது அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது.

அறைகள் எளியவை, உணவு நன்று. உணவு வேளையிலும் மௌனம் காக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்து செல்லுங்கள். மே மாதத்தைவிட அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் இதை நடத்தினால், எழுதிய உறுதிமொழியை மறக்குமுன் அதே பிள்ளைகளிடம் திரும்பிச் செல்ல முடியும். அமைப்பாளர்களிடம் இதை எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன்.