அத்தையின் பழைய வெள்ளிக் காசுகளுக்கு ஒவ்வொன்றாக விலை சொன்ன கடை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் பழைய நாணயங்களை வாங்கி விற்கும் ஒரு சிறிய கடையைப் பற்றி எழுதுகிறேன். முன்பக்கத்தில் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறார்கள். உள்ளே கண்ணாடி அலமாரியில் காசுகளும் தபால்தலைகளும் இருக்கின்றன. தம் பெயரையும் கடையின் பெயரையும் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். எழுபது வயதைத் தாண்டிய சீனர் அவர். தோட்டத்து மக்களோடு பழகிப் பழகித் தமிழை நன்றாகவே பேசுகிறார். என் அத்தை அவரைத் தவுக்கே (முதலாளி) என்று அழைத்தார்; அவர் அத்தையை அக்கா என்றார்.

அத்தைக்கு வயது எண்பத்திரண்டு. பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால் எடுக்க மரம் வெட்டியவர். அவரிடம் இருந்தவை பத்தொன்பது காசுகள். எல்லாம் என் தாத்தா விட்டுச் சென்றவை. ஜப்பான்காரன் காலத்தில் அவற்றை ஒரு பால் டின்னில் போட்டு, லயத்து வீட்டு அடுப்படியில் புதைத்து வைத்திருந்தாராம். 1945இல் ஜப்பானியர் வெளியிட்டிருந்த வாழைமர நோட்டெல்லாம் வெறும் காகிதமாகிப் போன பிறகு, தோண்டி எடுத்த அந்த டின் ஒன்றுதான் குடும்பத்தின் கையில் மிஞ்சியது என்று அத்தை சொல்வார். வீட்டுக் கூரையை மாற்றுவதற்கும், கண் அறுவைக்குப் பிறகு கண்ணாடி வாங்குவதற்கும் பணம் வேண்டியிருந்ததால், 2024 தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்து விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தார்.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன் வேறோர் ஊரில் நகைக்கடை ஒன்றில் கேட்டோம். அங்கே பத்தொன்பதையும் ஒன்றாக அள்ளித் தராசில் போட்டார்கள். எடை 282 கிராம் சொச்சம் வந்தது. பழைய வெள்ளி, கலப்படம் அதிகம், உருக்கத்தான் ஆகும் என்று சொல்லி, கிராமுக்கு 1 ரிங்கிட் 40 சென் போட்டு, மொத்தத்துக்கு 400 ரிங்கிட் தருவதாகச் சொன்னார்கள். அதைவிட வருத்தம் தந்தது, எங்களைக் கேட்காமலேயே ஒரு காசின் விளிம்பை அரத்தால் தேய்த்து அமிலச் சொட்டு விட்டுப் பார்த்ததுதான். அத்தை ஒன்றும் பேசவில்லை. காசுகளை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்துவிட்டார்.

அந்த அனுபவத்தால் இந்தக் கடைக்குள் நுழையும்போது எனக்கு நம்பிக்கை குறைவாகவே இருந்தது. தவுக்கே முதலில் செய்த காரியம், மேசைமேல் ஒரு மென்துணியை விரித்து, காசுகளை விளிம்பில் மட்டும் பிடித்து, ஆண்டுவாரியாக வரிசையாக அடுக்கியதுதான். பிறகு ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்தார். தராசின் எண்கள் எங்கள் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்திருந்தார். எடையை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அந்தக் காசில் சுத்த வெள்ளி எவ்வளவு என்பதையும் எழுதினார். அன்றைய சந்தை விலை கிராமுக்கு 4 ரிங்கிட் 40 சென் என்பதைக் கைப்பேசியில் காட்டிய பிறகே விலை பேசத் தொடங்கினார்.

நியாயமான விலை கேட்கப் போகிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டியதை அன்று நான் அந்தத் துணியின்மேல் கண்டேன். எங்களிடம் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை அடங்கிய பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு டாலர் காசுகள் ஆறு இருந்தன. ஆறிலும் எழுதியிருப்பது ஒரு டாலர்தான். ஆனால் ஆறிலும் இருக்கும் வெள்ளி ஒன்றல்ல. 1903இலும் 1904இலும் வெளியான காசு 26.95 கிராம் எடையும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளியும் கொண்டது. அதில் 24 கிராமுக்கு மேல் சுத்த வெள்ளி உண்டு. 1906இல் டாலரின் மதிப்பை இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று நிலைநிறுத்திய சமயத்தில் வெள்ளி விலை ஏறிக்கொண்டே போனதால், காசை உருக்கினால் அதன் முகமதிப்பைவிட அதிகம் கிடைக்கும் என்ற நிலை வந்தது. அதனால் 1907 முதல் காசைச் சிறிதாக்கி 20.21 கிராமுக்குக் குறைத்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு வெள்ளி விலை மறுபடியும் உயரவே, 1919 முதல் எடையை 16.85 கிராமாக்கியதோடு வெள்ளியின் பங்கையும் நூற்றுக்கு ஐம்பதாகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே 1920ஆம் ஆண்டுக் காசில் இருப்பது எட்டரைக் கிராமுக்கும் சற்றுக் குறைவான வெள்ளிதான். 1907இன் காசையும் 1920இன் காசையும் அருகருகே வைத்தால் அகலத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அரசரின் தலை மட்டும் எட்வர்டிலிருந்து ஜார்ஜாக மாறியிருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் அள்ளிப் போடுகிறவர் இந்த வித்தியாசத்தை அறியாதவராக இருக்க வேண்டும், அல்லது அறிந்தே மறைப்பவராக இருக்க வேண்டும்.

நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் ரிங்கிட்டை வெள்ளி என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதை 1904ஆம் ஆண்டுக் காசைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் நான் உணர்ந்தேன்.

மீதியில் பன்னிரண்டு, தாத்தாவின் தகப்பனார் கப்பலேறி வந்தபோது கொண்டுவந்த சிலவும் பின்னால் சேர்ந்த சிலவுமாகிய பிரிட்டிஷ் இந்திய ரூபாய்கள். இவற்றின் எடை 11.66 கிராம். பழைய ரூபாயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைப் பங்குக்கு மேல் வெள்ளி உண்டு; 1940 முதல் 1945 வரை அடித்தவற்றில் பாதிதான். எங்கள் பன்னிரண்டில் இரண்டு அப்படிப்பட்டவை. ஐந்தில், காசுமாலை கோப்பதற்காக வளையம் பற்றவைத்திருந்தது. வளையம் வைத்த காசைச் சேகரிப்பவர்கள் விரும்ப மாட்டார்கள், அதற்கு வெள்ளி விலைதான் கிடைக்கும் என்று தவுக்கே சொன்னபோது அத்தையின் முகம் சற்று வாடியது. ஏனென்றால் அவர் தாயார் கழுத்தில் கிடந்தவை அவைதாம்.

எனக்கு இந்தக் கடைமேல் முழு மதிப்பு உண்டானது அடுத்து நடந்ததனால்தான். வளையம் இல்லாத ரூபாய்களில் ஒன்றை எடுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அது 1911ஆம் ஆண்டுக் காசு. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் தொங்கும் விருதுச் சங்கிலியில் ஒரு சிறிய யானை உண்டு. அதன் துதிக்கையும் கால்களும் குட்டையாக அமைந்துவிட்டதால் பார்ப்பவர்களுக்குப் பன்றிபோலத் தெரிந்தது. முஸ்லிம்களிடையே பெரும் எதிர்ப்பு எழுந்ததால் 1912இல் அந்த உருவத்தைத் திருத்தி அடித்தார்கள், முன்பு அடித்தவற்றில் பெரும்பகுதியை உருக்கினார்கள். அதனால் 1911ஆம் ஆண்டு ரூபாய்க்குச் சேகரிப்பவர்களிடம் தனி விலை உண்டு. எங்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர் வாய் திறக்காமல் மற்ற ரூபாய்களோடு சேர்த்து வாங்கியிருந்தால் நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்திருப்போம். அவரோ தாமாகவே காட்டி, மற்றவற்றுக்கு 55 ரிங்கிட் என்றும் இதற்கு மட்டும் 120 ரிங்கிட் என்றும் சொன்னார்.

கடைசியாக இருந்தது, பிரிட்டனின் சின்னமான பிரிட்டானியா என்ற பெண் உருவம் சூலம் பிடித்து நிற்கும் வணிக டாலர்; கிழக்கு நாடுகளின் வணிகத்துக்காகப் பிரிட்டிஷார் அடித்த காசு. அத்தை மிகவும் உயர்வாக நினைத்திருந்த காசு அதுதான். முறையான காசு 26.95 கிராம் இருக்க வேண்டும், இது 21.4 கிராம்தான் இருந்தது. தவுக்கே உடனே முடிவு சொல்லவில்லை. நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடியும் நிறுத்து, தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்று கணக்கிட்டார். தொண்ணூறு பங்கு வெள்ளிக்குப் பத்து மடங்குக்குச் சற்று மேல் வர வேண்டும். இதற்கு எட்டரைதான் வந்தது. வெள்ளி முலாம் பூசிய போலி. காசின்மேல் ஒரு கீறல்கூட விழாமல் உண்மை தெரிந்துவிட்டது. முந்திய கடையில் அரம் போட்ட காசை நினைத்து அப்போது மனம் மிகவும் நொந்தது. அரம் பட்ட அந்தக் காசு 1908ஆம் ஆண்டு டாலர். அதே அளவுள்ள மற்ற இரண்டுக்கும் 110 ரிங்கிட் தந்தவர், தேய்ந்த விளிம்பைக் காட்டி இதற்கு 75 ரிங்கிட்தான் தர முடிந்தது என்றார்.

1904ஆம் ஆண்டு டாலருக்கு 170 ரிங்கிட், 1920ஆம் ஆண்டு டாலர்கள் இரண்டுக்கும் தலா 60, வளையம் வைத்த ரூபாய்க்குத் தலா 40, பாதி வெள்ளி ரூபாய்க்குத் தலா 22 என்று விலை அமைந்தது. போலியைத் தவிர்த்துக் கூட்டினால் 1,169 ரிங்கிட். எங்கள் காசுகளில் இருந்த சுத்த வெள்ளி மட்டுமே அன்றைய விலைக்கு 940 ரிங்கிட்டுக்கு மேல் என்பதை அதே தாளில் கூட்டிக் காட்டினார். அதை வைத்துப் பார்த்தால் முதல் கடை சொன்ன 400 எத்தகைய விலை என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

குறைகளையும் எழுத வேண்டும். அலமாரியில் அதே 1904ஆம் ஆண்டு டாலர் ஒன்று 240 ரிங்கிட் விலைச்சீட்டோடு இருந்தது. இந்த வித்தியாசம் அதிகம் என்று கேட்டேன். விற்பதற்கு ஓராண்டுகூட ஆகலாம், அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும் என்றார். ஏற்கத்தக்க பதில்தான், ஆனாலும் 170ஐ 185 ஆக்கியிருக்கலாம் என்பது என் எண்ணம். ஒவ்வொரு காசையும் தனித்தனியாக எழுதிய ரசீது நாங்கள் கேட்ட பிறகுதான் கிடைத்தது. கையில் ரொக்கமாக 500 ரிங்கிட் மட்டும் தந்து, மீதியை மறுநாள் வங்கிக் கணக்கில் போடுவதாகச் சொன்னார். வயதானவர்களுக்கு அந்த ஓர் இரவு பெரிய கவலை; அத்தை சரியாகத் தூங்கவில்லை. பணம் மறுநாள் காலை பதினொரு மணிக்குள் வந்துவிட்டது என்றாலும், இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் முடிய இரண்டரை மணி நேரம் ஆனது. வாடிக்கையாளர் உட்கார ஒரே ஒரு முக்காலிதான் இருக்கிறது.

விற்பவரின் அடையாள அட்டையைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். பழைய பொருள் வாங்கி விற்பவர்களுக்கு 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதால், அப்படிக் கேட்பதைக் குறையாக எண்ண வேண்டாம். கேட்காத கடையில்தான் யோசிக்க வேண்டும். போவதற்கு முன் காசுகளைக் கழுவவும் வேண்டாம். அத்தை ஒவ்வொரு தீபாவளிக்கும் ரூபாய்களைப் புளி போட்டுத் துலக்கிப் பூசையில் வைப்பவர். அந்தப் பளபளப்பைக் கண்டதும் தவுக்கே தலையை ஆட்டினார். துலக்காமல் இருந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் இன்னும் பத்து ரிங்கிட்டாவது கூடுதலாகத் தந்திருப்பேன் என்றார். அத்தை அதற்கு, சாமிக்கு வைத்த காசை அழுக்கோடு எப்படி வைப்பது தவுக்கே என்று கேட்டார். அவர் மறுத்துப் பேசவில்லை.

கையெழுத்துப் போடும் நேரத்தில் அத்தை வளையம் வைத்த ரூபாய்களில் இரண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கணக்கு முடிந்த பிறகு இப்படிச் செய்கிறாரே என்று நான் தயங்கினேன். தவுக்கே ஒரு வார்த்தையும் சொல்லாமல் தாளில் 80ஐக் கழித்து 1,089 என்று திருத்தி எழுதி, இரண்டு காசையும் ஒரு சிறிய நெகிழி உறையில் போட்டு அத்தையின் கையில் கொடுத்தார். போலி டாலரையும் திருப்பித் தந்தார். மூன்றும் இப்போது அந்தப் பழைய பால் டின்னில் இருக்கின்றன.