ஏழு வருடம் கணிப்புச் சந்தையில்: ஒரு தொகுதியின் விலையை எப்படிப் படிப்பது

2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தல் சமயத்தில்தான் ப்ரெடிக்ட்இட்டில் கணக்குத் தொடங்கினேன். தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று கணித்து, பணம் போட்டுப் பங்கு வாங்கி விற்கும் கணிப்புச் சந்தை இது. நியூசிலாந்தின் விக்டோரியா பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்காக 2014இல் ஆரம்பித்த தளம் அது. ஒரு ஒப்பந்தத்தில் ஒருவர் 850 டாலருக்கு மேல் போட முடியாது, 5,000 பேருக்கு மேல் சேர முடியாது என்று அப்போது வரம்பு இருந்தது. 2024 அக்டோபரில் அமெரிக்க கோர்ட் வழிவிட்ட பிறகு கல்ஷி என்ற இன்னொரு தளத்திலும் தேர்தல் ஒப்பந்தங்கள் வந்தன. அதிபர் தேர்தலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் அதிக நேரம் செலவழித்தது அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைத் தொகுதிகளில்தான், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

அடிப்படை எளிது. நீங்கள் 'யெஸ்' வாங்கிய வேட்பாளர் ஜெயித்தால் ஒரு பங்குக்கு 1 டாலர், தோற்றால் ஒன்றுமில்லை. விலை 43 சென்ட் என்றால் ஜெயிக்க 43 சதவீத வாய்ப்பு என்று படிப்பார்கள். நானும் முதல் இரண்டு தேர்தல்களில் அப்படித்தான் படித்தேன். அது பெரிய தப்பு.

அந்த 43 எங்கிருந்து வருகிறது என்று ஆர்டர் புக்கை, அதாவது யார் என்ன விலைக்கு வாங்கவும் விற்கவும் நிற்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். நான் ஒருநாள் பார்த்தபோது வாங்க நிற்பவர் 31 சென்ட் கேட்கிறார், விற்க நிற்பவர் 44 சொல்கிறார், இரண்டு பக்கமும் சேர்த்து நூறு பங்குகூட இல்லை. யாரோ ஒருவர் காலையில் 43க்குப் பத்துப் பங்கு வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். அதிபர் தேர்தல் சந்தையில் கோடிக்கணக்கில் பணம் புரளும். தொகுதிச் சந்தையிலோ ஒரே ஆள் சில நூறு டாலரில் விலையை நகர்த்திவிடலாம். அப்புறம், இரண்டு வேட்பாளர்களின் விலையையும் கூட்டிப் பாருங்கள். 46ம் 58ம் சேர்ந்து 104 வரும். நூறைத் தாண்டிய அந்த 4ஐக் கழிக்காமல் வாய்ப்பைப் பற்றிப் பேசக் கூடாது.

இன்னொன்று, தோற்பது உறுதி என்று எல்லோருக்கும் தெரிந்த வேட்பாளரும் 3 சென்ட்டில் நின்றுகொண்டே இருப்பார். கணக்குப் போட்டபோதுதான் காரணம் புரிந்தது. அவர் தோற்றால் 1 டாலர் தரும் 'நோ' பங்கை 97 சென்ட்டுக்கு வாங்கினால் லாபம் 3 சென்ட். அப்போது ப்ரெடிக்ட்இட் கட்டணம் லாபத்தில் 10 சதவீதம், பணத்தை வெளியே எடுக்கும்போது 5 சதவீதம். இரண்டும் போனால் கையில் வருவது சுமார் 94.7 சென்ட், போட்டதைவிடக் குறைவு. பிறகு யார் அந்த 3ஐக் கீழே இறக்குவார்கள்? இப்படி பூஜ்யத்துக்கோ நூறுக்கோ ஒட்டி ஓரத்தில் நிற்கும் விலைகளை நான் இப்போது பார்ப்பதே இல்லை.

எனக்கு இதையெல்லாம் அழுத்தமாகக் கற்றுக்கொடுத்தது கலிபோர்னியாவின் 13வது தொகுதி. மெர்செட் மாவட்டம் முழுவதும், சுற்றியுள்ள மாவட்டங்களின் சில பகுதிகளும் சேர்ந்த விவசாயப் பூமி. 2022இல் குடியரசுக் கட்சியின் ஜான் டுவார்டே 564 வாக்கு வித்தியாசத்தில் ஜனநாயகக் கட்சியின் ஆடம் கிரேயை வென்றார். 2024இல் அதே இருவர் மறுபடியும் மோதினார்கள். தேர்தல் நவம்பர் 5. முடிவு தெளிவானது டிசம்பர் 3ஆம் தேதிதான். அமெரிக்கா முழுவதிலும் கடைசியாக முடிவான கீழவைத் தொகுதி அது.

கலிபோர்னியாவில் தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்த வாக்குச் சீட்டு அடுத்த ஏழு நாளுக்குள் வந்தாலும் செல்லும். ஆரம்பத்தில் டுவார்டே முன்னால் இருந்தார். கடைசியில் வந்த சீட்டுகள் கிரே பக்கம் சாய்ந்தன. தினமும் சாயங்காலம் சமையலறை மேசையில் உட்கார்ந்து மாவட்டத் தேர்தல் அலுவலகங்களின் பக்கங்களைத் திறந்து, எந்த மாவட்டத்தில் எத்தனை சீட்டு பாக்கி என்று நோட்டில் எழுதுவேன். சந்தை விலை பெரும்பாலும் நேற்றைய முன்னிலையைப் பார்த்துத்தான் நின்றது. பாக்கிச் சீட்டுகள் எந்தப் பகுதியிலிருந்து வருகின்றன என்பதை அது மெதுவாகத்தான் உள்வாங்கியது. நான் லிமிட் ஆர்டர் போட்டு, அதாவது இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்து, கிரே 'யெஸ்' கொஞ்சம் வாங்கினேன். கடைசியில் 187 வாக்கு வித்தியாசத்தில் கிரே ஜெயித்தார். ஆனாலும் அதைத் திறமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு லட்சத்துக்கும் மேல் பதிவான வாக்கில் 187 எந்தப் பக்கமும் போயிருக்கலாம்.

அந்த நாட்களில் அந்தத் தொகுதியில் இருக்கும் நண்பர் ஒருவர் போன் பண்ணினார். குடியுரிமை வாங்கிய பிறகு அவர் தபாலில் போட்ட முதல் ஓட்டு. பதிவுப் படிவத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஓட்டு உறையில் ஆங்கிலத்தில் போட்டுவிட்டார். கையெழுத்து ஒத்துவரவில்லை, சரிசெய்து அனுப்புங்கள் என்று கடிதம் வந்திருக்கிறது. "அவ்வளவு தூரம் பார்ப்பாங்களா? ஒரு ஓட்டுதானே, விட்டுடலாமா?" என்று கேட்டார். இன்றைக்கே அனுப்புங்க என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அன்று மாலையே படிவத்தை நிரப்பி அனுப்பினார்.

இப்போது நான் வைத்திருக்கும் பழக்கம் இது: முதலில் தொகுதியின் பழைய முடிவுகள், பிறகு எண்ணும் முறை, அதன் பிறகுதான் விலை. விலையிலும் கடைசி வர்த்தகத்தை விட்டுவிட்டு, வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்க்கிறேன். பத்து சென்ட்டுக்கு மேல் இருந்தால் அது விலையே இல்லை. ஒரு தளத்தில் முடிவு தெரிந்த பிறகும் பல நாள் என் பணம் முடங்கிக் கிடந்தது, அதனால் அவசரத்துக்குத் தேவைப்படும் காசை இதில் போடுவதில்லை. 2025 நவம்பரில் ப்ராபொசிஷன் 50 என்ற மக்கள் வாக்கெடுப்பு நிறைவேறி கலிபோர்னியாவின் தொகுதி எல்லைகள் மாறிவிட்டன. 13வது தொகுதிக்கு நான் எழுதி வைத்த நோட்டு இனி உதவாது, புது வரைபடத்தை வைத்து முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.