கேப்புக்குக் கழுத்தில் எது: நாடாவா, டிச் பட்டனா, வெல்க்ரோவா?

சின்னக் குழந்தையின் வேஷ விளையாட்டுக்கு ஒரு கேப், அதாவது தோளிலிருந்து முதுகில் தொங்கும் மேலங்கி, தைக்க உட்கார்ந்தால், எந்தத் துணி, என்ன நிறம் என்றுதான் முதலில் யோசிப்போம். நான் அதிக நேரம் யோசிப்பது கழுத்துப் பகுதியைப் பற்றி. முதுகில் தொங்கும் துணி எங்காவது மாட்டினால், அந்த இழுப்பு முழுவதும் குழந்தையின் தொண்டையில்தான் வந்து விழும்.

நாடா வைப்பது சுலபம், பார்க்கவும் அழகு. பிள்ளை வளர வளர தளர்த்திக் கட்டலாம். என் மகளுக்கு மூன்று வயதில் தைத்த முதல் கேப்பில் சாட்டின் நாடாதான் வைத்தேன். கட்டிலிலிருந்து இறங்கும்போது துணி கட்டில் மூலையில் மாட்டிக்கொண்டது. பக்கத்திலேயே இருந்ததால் தூக்கிவிட்டேன். முடிச்சு மட்டும் கொஞ்சமும் தளரவில்லை, இன்னும் இறுகியிருந்தது. அன்று ராத்திரியே நாடாவைப் பிரித்து எடுத்தேன். சிறுவர் உடைகளுக்கான ஐரோப்பியத் தரவிதி இஎன் 14682, சிறு பிள்ளைகளின் உடையில் கழுத்துப் பகுதியில் இழுகயிறோ கட்டுகயிறோ இருக்கக் கூடாது என்கிறது. எலாஸ்டிக்கும் எனக்குச் சரிப்படவில்லை. அது நீளும், ஆனால் விடாது.

டிச் பட்டன் இழுத்தால் கழன்றுவிடும் என்று நம்பி அடுத்ததாக அதை வைத்தேன். நேராக மேலே தூக்கினால் கழல்கிறது, பக்கவாட்டில் இழுத்தால் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கேப் இழுபடுவதோ பக்கவாட்டில்தான். பிஞ்சு விரல்களுக்கு அதை அழுத்தி மாட்டவும் பலம் போதாது. தையல் விட்டு உதிர்ந்தால் நேராக வாய்க்குப் போகும் என்பதால், மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இது வேண்டவே வேண்டாம்.

அப்புறம் வெல்க்ரோ. இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓரத்திலிருந்து உரித்தால் சுலபமாக வரும் வெல்க்ரோ, ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவதுபோல் இழுத்தால் உடும்புப் பிடி பிடிக்கும். ஐந்து, ஆறு செ.மீ. நீளத்துக்கு வைத்துவிட்டு 'வெல்க்ரோதானே, கழன்றுவிடும்' என்று இருந்துவிடக் கூடாது. தொண்டைக்கு முன்னால் வைப்பதானால் நான் 2 செ.மீ. துண்டோடு நிறுத்திக்கொள்வேன். தைத்ததும் ஒரு குளியல் துண்டைக் கழுத்துபோல் சுருட்டி, அதற்குக் கேப்பை மாட்டி, பின்பக்கம் இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பேன். உடனே விடவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் வெட்டிவிடுவேன். வெல்க்ரோவின் சொரசொரப்பான பாதி, அடியில் வரும் கழுத்துப்பட்டையின் வெளிப்பக்கம்; மெத்தென்ற பாதி, மேலே வரும் பட்டையின் உள்பக்கம். இப்படித் தைத்தால் சற்று விலகி ஒட்டினாலும் கழுத்துத் தோலை உரசாது. மூலைகளை வட்டமாக நறுக்கிவிடுங்கள். பின்பக்கம் பசை உள்ள வகை வேண்டாம், ஊசியில் பசை ஏறி நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்தது, கழுத்தில் எதுவுமே வராமல் சட்டையின் இரண்டு தோளிலும் சின்ன வெல்க்ரோ வைப்பது. கேப்பின் மேல்முனைகள் தோளில் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் இழுத்தால் ஓரத்திலிருந்து உரிந்து வந்துவிடும், தொண்டைக்குக் குறுக்கே பட்டையே கிடையாது. குறை என்னவென்றால், அந்த ஒரு சட்டையோடுதான் போட முடியும், குழந்தையால் தானாக மாட்டிக்கொள்ளவும் முடியாது. "நானே போட்டுப்பேன்" என்று அடம்பிடிக்கும் நாலு வயதில் அது பெரிய குறைதான். அந்த வயதுக்கு முன்கழுத்தில் 2 செ.மீ. வெல்க்ரோ. அதைவிடச் சின்னதுகளுக்குத் தோள்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

துணி விஷயம் சுருக்கமானது. ஃபெல்ட்டில் பிசிறு வராது, ஓரம் மடித்து அடிக்க வேண்டாம். சாட்டின் பளபளக்கும், ஆனால் தைக்கும்போது வழுக்கும், வெட்டிய இடமெல்லாம் நூல் பிரியும். முதல் முறை தைப்பவர் பருத்தியில் ஆரம்பிக்கலாம். எதுவானாலும் நீளம் முழங்காலுக்கு மேலேயே நிற்கட்டும், படியேறும்போது காலில் மிதிபடாது. துவைக்கப் போடும்போது வெல்க்ரோவை ஒட்டியே போடுங்கள். திறந்து கிடந்தால் கொக்கிகளில் நூலும் பஞ்சும் அடைத்துக்கொண்டு, பிறகு ஒட்டவே ஒட்டாது.