எங்கள் ஊர் கிளை அஞ்சலகம்: சேவை பிரமாதம், ஆள்தான் போதாது

அம்மாவின் முதியோர் பென்ஷன், மகளின் செல்வமகள் கணக்கு இரண்டும் இங்கேதான். சேவைக்குத் தாராளமாக நான்கு நட்சத்திரம் தருவேன். கைரேகைக் கருவியில் பாட்டிகளின் விரல் பதியவில்லை என்றால் போஸ்ட்மாஸ்டர் அம்மா ஈரத்துணியால் துடைத்துவிட்டு வேறு விரலை வைத்துப் பார்ப்பார். பணம் கைக்கு வரும்வரை யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்.

குறை ஆள் ஏற்பாட்டில். போஸ்ட்மாஸ்டர் உட்பட கிராம அஞ்சல் ஊழியருக்கு ஒரு நாளுக்கு 4 அல்லது 5 மணி நேர வேலை. 2018-இல் வந்த ஊதிய முறைப்படி போஸ்ட்மாஸ்டருக்கு 4 மணி நேர வேலைக்கு 12,000, 5 மணி நேர வேலைக்கு 14,500 ரூபாய் தொடக்க மாதச் சம்பளம். பென்ஷன் வாரத்தில் வாசல்வரை வரிசை நிற்கும், மாதக் கடைசியில் ஈ ஓட்டும். நேரம் மட்டும் மாறாது. போஸ்ட்மாஸ்டர் அம்மா விடுப்பு எடுத்தால் தபால் கொடுக்கிறவரே கவுண்டரிலும் உட்கார வேண்டும். அன்றைய தபால் மறுநாள்தான். பக்கத்து வீட்டுப் பையனின் நேர்காணல் கடிதம் அப்படித்தான் தாமதமானது, பாவம்.

கிளைகளுக்கு மேலே இருக்கும் துணை அஞ்சலகத்தில் கூடுதலாக ஒருவரை வைத்து, தேவைப்படும் கிளைக்கு அனுப்பலாமே? பென்ஷன் வாரத்துக்காவது அவசியம் செய்ய வேண்டும். போகிறவர்கள் ஆதார், பாஸ்புக்கோடு கதவு திறந்ததுமே போய்விடுங்கள்.