ஒன்பது ஆண்டுகளாக டாஸ்2யுனிக்ஸ்: தேதியை மட்டும் விட்டுவைத்திருக்கலாம்

எங்கள் மெய்ப்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அக்கா, விண்டோஸ் கோப்புகளை லினக்ஸுக்கு மாற்ற டாஸ்2யுனிக்ஸ் நிறுவ வேண்டுமா? ஒரே வரியில் செட் கட்டளை போட்டால் போதாதா?" (செட், அதாவது sed, உரையில் தேடி மாற்றும் லினக்ஸ் கட்டளை.) பதில் எழுத உட்கார்ந்த அதே செவ்வாய்க்கிழமை இரவு, புதிதாக வாங்கிய மடிக்கணினியில் இந்தச் சின்னக் கருவி என்னை மறுபடியும் அழ வைத்துவிட்டது. ஆகவே பதில் நீண்டுவிட்டது.

ஒன்பது ஆண்டுகளாக இதைப் பயன்படுத்துகிறேன். காப்புரிமைக் காலம் முடிந்த பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, மின்னூலாக்குகிறோம். ஆறு பேரில் நால்வர் விண்டோஸ்காரர்கள். அவர்கள் அனுப்பும் கோப்பில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் 13, 10 என்று இரண்டு பைட்டுகள். நான் பயன்படுத்தும் உபுண்டு லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். உபரியான 13-ஐ நீக்குவதுதான் டாஸ்2யுனிக்ஸின் வேலை. பழைய தட்டச்சுத் தந்திப் பொறியில் அச்சுத் தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவர ஒரு குறியும், தாளை ஒரு வரி மேலே தள்ள இன்னொரு குறியும் தேவைப்பட்டன. அந்த இரட்டைக் குறி சிபி/எம் என்ற பழைய இயங்குதளத்தின் வழியாக டாஸுக்கு வந்து, விண்டோஸில் நிலைத்துவிட்டது. மிச்சம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

முதலில் தம்பியின் கேள்வி. வெறும் உரைக்கோப்பு மட்டும் இருக்கும் இடத்தில் செட் கட்டளை போதும். எங்கள் கோப்புறையில் அத்தியாயங்களோடு அட்டைப் படங்களும் கிடக்கின்றன. பிஎன்ஜி படத்தின் முதல் எட்டு பைட்டுகளில் 13, 10 என்ற இணை வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. வரி முடிவை மாற்றும் கருவி எதுவும் அந்தப் படத்தைத் தொட்டுவிட்டால் உடனே தெரிந்துவிட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. செட்டுக்குப் படம் என்றும் உரை என்றும் பேதம் இல்லை. அந்த 13-ஐத் தயங்காமல் அழித்துவிடும், படம் அதன்பின் திறக்காது. டாஸ்2யுனிக்ஸ் உள்ளே பார்க்கிறது, இது உரை இல்லை என்று தெரிந்ததும் அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறது. ஒன்பது ஆண்டுகளில் என் படம் ஒன்றைக்கூட அது கெடுத்ததில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஹைஃபன் ஐ என்ற சுவிட்ச், அதாவது கட்டளையோடு சேர்த்துத் தரும் விருப்பக் குறி. அது எதையும் மாற்றாது, எண்ணி மட்டும் சொல்லும்: டாஸ் வரி எத்தனை, யுனிக்ஸ் வரி எத்தனை, பழைய மெக்கின்டாஷ் வரி எத்தனை, கோப்பின் தலையில் பிஓஎம் குறி (இது யூனிகோட் கோப்பு என்று காட்டும் கண்ணுக்குத் தெரியாத அடையாளம்) உண்டா, இது உரையா இல்லையா. ஒருமுறை ஒரு அத்தியாயத்துக்கு 412, 3, 0 என்று காட்டியது. அந்த மூன்று வரிகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனேன். என் ஸ்கிரிப்ட் கடைசியில் ஒட்டிய அடிக்குறிப்புகள், அதுவும் வேறொரு அத்தியாயத்துக்குரியவை! கண்ணால் படித்திருந்தால் தப்பியிருக்கும். வரி முடிவை எண்ணும் ஒரு கருவி மெய்ப்புப் பிழையைப் பிடித்துக் கொடுத்தது என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தேன்.

இப்போது என் கோபம்.

மெய்ப்புப் பார்ப்பவர்கள் கோப்பை அனுப்பியதும் அதன் தேதி மாறாமல் கோப்புறையில் சேர்ப்பேன். பிறகு தேதி வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தால் போதும்: யார் எதைக் கடைசியாகத் திருத்தினார்கள், எது மாதக்கணக்கில் தூங்குகிறது, எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். எங்களுக்கு அதுதான் பதிவேடு. செவ்வாய் இரவு 9.42-க்கு 740 கோப்புகளின் மேலும் டாஸ்2யுனிக்ஸை ஓட்டினேன். உண்மையில் மாற்ற வேண்டியிருந்தவை 31. மற்ற 709 கோப்புகளில் ஒரு பைட்டுகூட மாறவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றையும் திறந்து, படித்து, தற்காலிகக் கோப்பில் எழுதி, பழையதன் இடத்தில் வைத்துவிட்டது. முடிந்ததும் பார்த்தால் 740-க்கும் ஒரே தேதி, ஒரே நிமிடம். போதாக்குறைக்கு, மாற்றமே தேவைப்படாத கோப்புக்கும் "யுனிக்ஸ் வடிவத்துக்கு மாற்றுகிறேன்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி அறிவிப்பு.

அதோடு நிற்கவில்லை. இரவு நகலெடுக்கும் ஆர்சிங்க், கோப்பின் அளவையும் தேதியையும்தான் ஒப்பிடும். 740-ம் புதியவை என்று எண்ணி எல்லாவற்றையும் திரும்ப எடுத்தது. மின்னூல் கட்டும் மேக் கருவி தேதியை மட்டுமே நம்பும். எல்லா அத்தியாயங்களையும் முதலிலிருந்து கட்டத் தொடங்கியது. விடியும்வரை விசிறி சுற்றியது. தேதிகளை முந்தைய நகலிலிருந்து மீட்டது புதன்கிழமை மதியம்.

இதற்கு ஹைஃபன் கே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பழைய தேதியைக் காப்பாற்றும். ஆனால் உண்மையாகவே மாறிய 31 கோப்புகளுக்கும் பழைய தேதியையே போட்டுவிடும். மேக் அவற்றைத் திரும்பிப் பார்க்காது. மாறியதற்குப் புதுத் தேதி, மாறாததற்குப் பழைய தேதி. நான் கேட்பது இவ்வளவுதான்.

செட் கட்டளையும் இதே தவற்றைச் செய்கிறது. நியாயமாக அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் செட்டுக்கு எதுவும் தெரியாது. டாஸ்2யுனிக்ஸுக்குத் தெரியும். ஐ என்ற சுவிட்சுடன் சி சேர்த்துக் கேட்டால், எந்தெந்தக் கோப்பை மாற்ற வேண்டியிருக்கும் என்று பெயர்ப் பட்டியலே தருகிறது. அந்தப் பட்டியலை, ஒரு கட்டளை தரும் பெயர்களை இன்னொரு கட்டளைக்கு ஊட்டும் எக்ஸார்க்ஸ் வழியாக அதனிடமே திருப்பிக் கொடுத்தால் 31 கோப்புகளை மட்டும் தொடுகிறது. தெரிந்த ஒன்றைத் தானாகச் செய்யாமல், கேட்டால்தான் செய்வேன் என்று நிற்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தமிழில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, டாஸ்2யுனிக்ஸ் தன் வழக்கப்படி கோப்பின் தலையிலுள்ள பிஓஎம் குறியை எடுத்துவிடும். ஸ்கிரிப்டுகளுக்கு அது நல்லது. முதல் வரிக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் நின்றால் ஸ்கிரிப்ட் ஓடாமல் போகலாம். ஆனால் எங்கள் நூற்பட்டியல் ஒரு சிஎஸ்வி கோப்பு, அதாவது காற்புள்ளியால் பிரித்த அட்டவணை. குறி போனபின் அதை எக்செல்லில் சொடுக்கித் திறந்த தோழிக்கு, ஒவ்வொரு தமிழ் எழுத்தின் இடத்திலும் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏயும் வட்டத்துக்குள் அடைபட்ட ஆரும் வரிசை வரிசையாகத் தெரிந்தன. நூலாசிரியர் பெயர்கள் எல்லாம் தொலைந்துவிட்டன என்று பதறி இரவில் அழைத்தாள். ஹைஃபன் பி போட்டிருந்தால் குறி தங்கியிருக்கும். திருப்பி மாற்றும் யுனிக்ஸ்2டாஸ் இருக்கும் குறியைக் காக்குமே தவிர, போன குறியைத் தானாக வைக்காது. ஹைஃபன் எம் போட்டு வைக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, இந்தக் கருவியின் 7 பிட் முறையையும், ஐரோப்பிய எழுத்துகளுக்கான ஐஎஸ்ஓ முறையையும் தமிழ்க் கோப்பின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் அ என்ற ஓர் எழுத்து மூன்று பைட்டுகள், மூன்றுமே 127-க்கு மேற்பட்டவை. 7 பிட் முறை அவை ஒவ்வொன்றையும் இடைவெளியாக மாற்றிவிடும். ஒரு முழு அத்தியாயம் வெறும் வெற்றிடமாகவும் நிறுத்தற்குறிகளாகவும் மாறியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் திரையை மறக்க முடியாது. இயல்பான முறையோ வரி முடிவையும் பிஓஎம்மையும் தவிர யுடிஎஃப்-8 தமிழில் கை வைப்பதில்லை. அந்த நம்பிக்கையில்தான் இத்தனை ஆண்டுகள் ஓடியிருக்கின்றன.

இன்னொரு குறையும் உண்டு. உண்மையான டாஸ் காலத்துக் கோப்புகள் சிலவற்றின் கடைசியில், கோப்பு முடிந்தது என்று சொல்லும் கன்ட்ரோல்-இசட் குறி இருக்கும். டாஸ்2யுனிக்ஸ் அதைக் கண்டதும் இது உரையே இல்லை என்று ஒதுக்கிவிடுகிறது. ஹைஃபன் எஃப் போட்டு வற்புறுத்த வேண்டும். அப்படிக் கோப்புகள் எனக்கு நான்கைந்துதான் வந்தன, பொறுத்துக்கொண்டேன்.

1989-இல் பிறந்த கருவி, இன்னும் பராமரிக்கப்படுகிறது. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை, நிறுவிய நாளிலிருந்து ஒருமுறைகூட முறிந்து விழுந்ததில்லை. இவ்வளவுக்குப் பிறகும் இன்றைக்கு என்னிடம் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். 709 தேதிகளை மீட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மதியத்தை மறக்க இன்னும் நாளாகும்.

தம்பிக்கு: நிறுவிக்கொள்ளுங்கள். ஆனால் நேரடியாக ஓட்ட வேண்டாம். முதலில் பட்டியல் எடுத்து, பிறகு பட்டியலில் உள்ளவற்றை மட்டும் மாற்றும் நான்கு வரி ஸ்கிரிப்ட் ஒன்று என் பழைய கணினியில் இருந்தது. புதியதில் நகலெடுக்க மறந்ததால்தான் செவ்வாய்க்கிழமை அப்படியானது. அதை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். முதலில் கோப்புறையின் நகல் ஒன்றில் ஓட்டிப் பாருங்கள், தேதிகள் சரியாக இருந்தால் மட்டும் அசலுக்கு வாருங்கள்.