இலவச மொபைல் கேம்: விளம்பரமா, காத்திருப்பா, குலுக்கலா?

ஃபோனில் கேம் தேடினால் முதலில் கண்ணில் படுவதெல்லாம் இலவசம்தான். ஆனால் எல்லா இலவசமும் ஒன்றல்ல. ஒன்று விளம்பரம் காட்டிப் பிழைக்கிறது, ஒன்று காக்கவைத்துப் பிழைக்கிறது, இன்னொன்று குலுக்கல் நடத்திப் பிழைக்கிறது. மூன்றையும் மாதக்கணக்கில் ஆடியிருக்கிறேன். ஒரே முறை காசு கொடுத்து வாங்கும் கேமையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் விளம்பர ரகம். இரண்டு நிமிட ஆட்டம், அப்புறம் அரை நிமிட வீடியோ. வீடியோவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதை மூடும் பெருக்கல் குறிதான் என் பொறுமையைச் சோதிக்கிறது. மேல் ஓரத்தில் மங்கலாக, விரல் நுனியைவிடச் சின்னதாக வரும். தொட்டால் ஸ்டோர் திறந்துகொள்ளும். திரும்பி வந்தால் எதிர் மூலையில் இன்னொரு பெருக்கல் குறி காத்திருக்கும். இது ஏமாற்று வேலை, வேறு பெயர் இல்லை. ஆனாலும் இந்த ரகத்தில் கைக்காசு போவதில்லை. வெறுத்துப்போனால் அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

இதே விளம்பரத்தை நாகரிகமாகவும் வைக்க முடியும். 2022 டிசம்பரில் மொபைலுக்கு இலவசமாக வந்த 'வேம்பயர் சர்வைவர்ஸ்' அதைச் செய்தது. செத்தபின் மறுபடி எழ ஒரு வீடியோ, ஆட்டம் முடிந்ததும் கூடுதல் தங்கத்துக்கு ஒரு வீடியோ. இரண்டும் நாமே கேட்டால்தான் வரும்.

காத்திருப்பு ரகத்துக்கு எல்லோரும் அறிந்த உதாரணம், 2012இல் வந்த 'கேண்டி க்ரஷ் சாகா'. மொத்தம் 5 உயிர். போன உயிர் ஒன்று திரும்ப 30 நிமிடம். ஐந்தும் நிரம்ப இரண்டரை மணி நேரம். இதைத் திட்டுகிறவர்கள் அதிகம். எனக்கோ இது நல்ல கடிவாளமாகவே படுகிறது. உயிர் தீர்ந்தது, ஃபோனைக் கீழே வைத்தாயிற்று, அவ்வளவுதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே ஒரு கட்டம் பாக்கி, நகர்த்தல் தீர்ந்துவிட்டது, உடனே திரையில் "+5" பளிச்சிடுகிறது, காசு கொடுத்தால் இன்னும் ஐந்து நகர்த்தல். மனம் இளகியிருக்கும் நொடி பார்த்துக் கேட்கிறார்கள். அதே 2012இல் வந்த 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' படைகளைப் பயிற்றுவிக்கும் நேரத்தை 2025இல் அடியோடு எடுத்துவிட்டது. அப்படியானால் அத்தனை வருடக் காத்திருப்பு ஆட்டத்துக்கு அவசியமாகவே இருக்கவில்லை.

குலுக்கல் ரகம்தான் இருப்பதிலேயே அழகு, இருப்பதிலேயே ஆபத்தும் கூட. 2020 செப்டம்பரில் வந்த 'கென்ஷின் இம்பாக்ட்'டை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியும் மலையில் எல்லாம் ஏறலாம், முழுக் கதையையும் காசு கொடுக்காமலே ஆடி முடிக்கலாம். இவ்வளவு பெரிய உலகத்தை இலவசமாகத் தருவது சாதாரண விஷயமில்லை. இனி கடைப்பக்கம் வருவோம். பாத்திரங்களும் ஆயுதங்களும் லாட்டரி போலக் குலுக்கலில்தான் விழும். ஒரு குலுக்கலுக்கு 160 கற்கள், அதாவது கேமுக்குள் செலவாகும் நாணயம். காசுக்கு வாங்கும் ஆகச் சிறிய பொட்டலத்தில் 60தான் இருக்கும். முதல் முறை போனஸைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஒரு குலுக்கலுக்கு மூன்று பொட்டலம் வாங்க வேண்டும். 20 கல் மிஞ்சும். அந்த 20 சும்மா கிடக்காது, அடுத்த பொட்டலத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

மிக உயர்ந்த தரமான ஐந்து நட்சத்திரப் பாத்திரம் விழும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். 90ஆவது குலுக்கலுக்குள் ஒன்று நிச்சயம், ஆனால் அது நாம் விரும்பியதாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான். விரும்பியது கட்டாயம் வேண்டும் என்றால், மோசமான நிலையில் 180 குலுக்கல், அதாவது 28,800 கற்கள். ஆடியே சேர்க்கலாம், பல வாரம் பொறுத்தால். அந்தப் பாத்திரம் கிடைக்கும் கெடு முடிவதற்குள் வேண்டும் என்று நினைக்கும்போதுதான் பணப்பை திறக்கிறது. குலுக்கலில் கிடைப்பவற்றைக் கொண்டு முழுத் தொகுப்பைச் சேர்த்தால்தான் பரிசு என்ற முறை ஜப்பானில் சட்டத்துக்கு முரணானது என்று அந்நாட்டு நுகர்வோர் விவகார முகமை 2012லேயே சொல்லிவிட்டது. மற்றக் குலுக்கல்களுக்கு வாய்ப்பு எண்களைத் திரையில் எழுதிவைத்தால் மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. சிறுவர் கையில் இருக்கும் ஃபோனில் இந்த ரகம் வேண்டவே வேண்டாம்.

காசு கொடுத்து வாங்கும் கேமில் ஒரே குறை, பிடிக்குமா என்று தெரிவதற்கு முன்பே பணம் கட்ட வேண்டும். பனிமலையில் சறுக்கும் 'ஆல்டோஸ் அட்வெஞ்சர்' 2015இல் ஐஃபோனுக்கு விலையோடு வந்தது, 2016இல் ஆண்ட்ராய்டுக்கு இலவசமாக வந்தது. அதே பனிமலைதான், ஒரு பக்கம் விலை, மறுபக்கம் விளம்பரம். எனக்கு விலையே மேல். 2018இல் ஐஃபோனுக்கும் மறு ஆண்டு ஆண்ட்ராய்டுக்கும் வந்த விவசாய கேம் 'ஸ்டார்டியூ வேலி'யில் நிஜக் காசு கேட்கும் கடையே கிடையாது. விதைத்தது முளைக்க நாள் ஆகும், ஆனால் கேமுக்குள் தூங்கி எழுந்தால் அடுத்த நாள் வந்துவிடும். மாதச் சந்தாவும் ஒரு வழிதான். நிறைய ஆடுகிறவர்களுக்குக் கட்டுப்படியாகும், எனக்கு ஆகவில்லை.

இப்போது என் ஃபோனில் இருப்பவை மூன்று. 'ஸ்டார்டியூ வேலி', 'வேம்பயர் சர்வைவர்ஸ்', அப்புறம் ஒரு குலுக்கல் கேம். அந்த மூன்றாவதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்த அன்றே ஸ்டோரிலிருந்து கார்டு விவரத்தை நீக்கிவிட்டேன்.