மாடி அறைக்கு வைஃபை: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, கேபிளா?

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் வாசல் ஜன்னல் வழியாக ஒயரை உள்ளே இழுத்து, டிவிக்குப் பக்கத்தில் ரவுட்டர் பெட்டியை மாட்டி, ஹாலில் நின்றபடியே வேகத்தைச் சோதித்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் மாடியிலிருந்து குரல் வரும்: "இங்க சுத்தமா எடுக்கலையே!"

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மதுரையில் கீழே ஹாலும் சமையலறையும், மேலே இரண்டு படுக்கையறைகள். நடுவில் கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றிய தளம். மகள் படிப்பதும் மனைவி அலுவலக வேலை பார்ப்பதும் மாடியில்தான். 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் ஹாலில் 94 காட்டிய போன், மேலறையில் 6 காட்டியது. இதைச் சரிசெய்ய ஒன்றரை வருடத்தில் மூன்று வழிகளை அடுத்தடுத்து முயன்று பார்த்தேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்த அலசல். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சொந்த வீடாக இருந்தால், மாடிக்கு ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். ஏன் என்பதையும், எந்த வீட்டுக்கு அது பொருந்தாது என்பதையும் இனி சொல்கிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு அறை அறையாக நடந்தால், சிக்னல் டிபிஎம் கணக்கில் தெரியும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் தடங்கலின்றி ஓடும். மைனஸ் 80-ஐத் தாண்டினால் வாட்ஸ்அப் செய்தி போவதே பெரிய விஷயம். இந்தக் கணக்கில் 10 குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் ஹாலில் மைனஸ் 42, மாடிப்படித் திருப்பத்தில் மைனஸ் 60, மேலறையில் மைனஸ் 83. படிக்கட்டுத் திருப்பத்துக்கும் அறைக்கும் நடுவில் இவ்வளவு சரிவு இருப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அலை தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வரவில்லை, படிக்கட்டு வழியாகத்தான் ஏறி வருகிறது.

காசில்லாத வழி ஒன்று இருக்கிறது, அதை முதலில் செய்யுங்கள். பெட்டியை டிவிக்குப் பின்னாலிருந்து எடுங்கள். இரும்பு பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி மூன்றுமே அலையைத் தடுப்பவை. உலோகம் திருப்பி அனுப்பும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். ஆள் உயரத்துக்கு மேலே, மாடிப்படியைப் பார்த்தாற்போல் மாட்டுங்கள். வைஃபை ஓடும் இரண்டு முக்கிய அலைப் பட்டைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள், இவை மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4 பட்டையில்தான் இயங்குகிறது என்பதால் சமையலறைச் சுவரை ஒட்டி ரவுட்டர் வேண்டாம். பெட்டியைப் படிக்கட்டுப் பக்கம் நகர்த்தியதிலேயே மேலறையில் 6 இருந்த இடத்தில் 15 வந்தது. சிறிய வீடு என்றால் இதோடு பிரச்சினை முடிந்துவிடும், மேற்கொண்டு படிக்கவே தேவையில்லை.

"எட்டு ஆண்டெனா வைத்த பெரிய ரவுட்டர் வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் அதிகம். வேண்டாம் என்பேன். வைஃபை ரேடியோ ஒலிபரப்பு மாதிரி ஒருவழிப் பேச்சு இல்லை. ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், போன் பதில் சொல்லியாக வேண்டும். போனின் ஆண்டெனா சின்னது, பேட்டரியைக் காக்க அது மெதுவாகத்தான் பேசும். அதன் குரல் தளத்தைத் தாண்டிக் கீழே கேட்காவிட்டால், திரையில் மூன்று கோடு காட்டும், ஆனால் பக்கம் திறக்காது. கோடு முழுதாக இருந்தும் நெட் ஓடவில்லை என்று குழம்புகிற வீடுகளில் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ரிப்பீட்டர்

ரவுட்டரின் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும், பிளக்கில் சொருகுகிற சின்னப் பெட்டி. மூன்றிலும் மலிவானது, பத்து நிமிட வேலை. நான் முதலில் வாங்கியதும் இதைத்தான். மேலறையில் சொருகினேன், கோடுகள் நிரம்பின, வேகம் மட்டும் ஏறவில்லை. சிக்னல் இல்லாத இடத்தில் வைத்தால் அது இல்லாத சிக்னலைத்தான் திரும்பச் சொல்லும். பாதி வழியில், மைனஸ் 60 இருக்கிற படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்த பிறகு 28 எம்பிபிஎஸ் வந்தது.

அதற்கு மேல் போகாததற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. விலை குறைந்த ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே சேனலில் திரும்பச் சொல்கிறது. கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது, ஆகவே வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. வேகத்தைவிட எங்களைப் படுத்தியது தாமதம்தான். படம் பார்க்கும்போது தெரியவில்லை, முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. வீடியோ கூட்டத்தில் மனைவி பேசுவது மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. இன்னொரு தொல்லை, போன் பழைய சிக்னலை விட மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருப்பது. மேலறைக்கு வந்த பிறகும் ஹால் ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருக்கும், வைஃபையை அணைத்துப் போட வேண்டும்.

ஆனாலும் ரிப்பீட்டரை ஒதுக்கிவிட மாட்டேன். வாசல் கேட்டில் ஒரு கேமரா, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு ஸ்மார்ட் சுவிட்ச் என்றால் இதுவே போதும். அவற்றுக்கு வேகம் அதிகம் தேவையில்லை, இடம் விட்டு நகர்வதும் இல்லை.

மெஷ்

இரண்டு மூன்று பெட்டிகள் சேர்ந்து ஒரே பெயரில் ஒரே வலையாக இயங்குவது மெஷ். உறவினரிடமிருந்து இரண்டு வாரத்துக்கு வாங்கிவந்து போட்டுப் பார்த்தேன். செயலியைத் திறந்து கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொன்னால் முடிந்தது, அம்மாவே செய்துவிடுவார். ரிப்பீட்டரில் இருந்த ஒட்டிக்கொள்ளும் தொல்லை பெரிதும் குறைந்தது. எந்தப் பெட்டிக்கு மாறலாம் என்று மெஷ் போனுக்கு யோசனை சொல்லும், கடைசி முடிவை எடுப்பது போன்தான் என்றாலும் பெரும்பாலும் சரியாகவே மாறியது. மேலறையில் 55 முதல் 65 வரை கிடைத்தது. ரிப்பீட்டரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

விளம்பரம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மெஷ் பெட்டிகளுக்கும் தங்களுக்குள் பேச ஒரு பாதை வேண்டும், கம்பியில்லாமல் பேசினால் அதுவும் காற்றில்தான். இரட்டைப் பட்டை மெஷ்ஷில் அந்தப் பேச்சும் உங்கள் போனின் பேச்சும் ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மூன்று பட்டை மெஷ்ஷில் அதற்குத் தனிப் பாதை உண்டு, விலையும் அதற்கேற்ப ஏறும். எதுவானாலும் நடுவில் கான்கிரீட் தளம் நின்றால் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை திணறும். அதனால் இரண்டாவது பெட்டியை அறைக்குள் வைக்காமல் படிக்கட்டுக்கு மேலே, கீழ்ப் பெட்டியைக் கண்ணால் பார்க்க முடிகிற இடத்தில் வையுங்கள். நானும் அப்படி வைத்த பிறகுதான் அந்த 65 வந்தது.

இணைப்பு கொடுத்தவர்களின் பெட்டியே ரவுட்டராகவும் இருந்தால், மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் மோடில், அதாவது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு வைஃபை மட்டும் கொடுக்கும் நிலையில் போடுங்கள். இல்லையென்றால் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முகவரி மாற்றும், கீழே உள்ள பிரிண்டரை மேலே உள்ள லேப்டாப் கண்டுபிடிக்காது.

வாடகை வீட்டுக்கு மெஷ்தான் சரி. ஆணி அடிக்க வேண்டாம், சுவரைத் தொட வேண்டாம், காலி செய்யும்போது பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஒரே தளத்தில் நீளமாக அமைந்த அடுக்ககத்துக்கும் இதைச் சொல்வேன்.

கேபிள்

கடைசியாகச் செய்தது, முதலில் செய்திருக்க வேண்டியது. ஹாலிலிருந்து மேலறைக்கு 22 மீட்டர் கேட் 6 (Cat 6) ஈதர்நெட் கேபிள். பழைய கேபிள் டிவி ஒயர் போன குழாய் சும்மா கிடந்தது, அதன் வழியாகவே எலக்ட்ரீஷியன் இழுத்துக் கொடுத்துவிட்டார். மறுமுனையில், பரணில் கிடந்த பழைய ரவுட்டர். 93 எம்பிபிஎஸ் வந்தது. ஹாலுக்கும் மாடிக்கும் வித்தியாசம் போயே போய்விட்டது. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுபோகும். எந்த வீட்டுக்கும் அது தாராளம்.

பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றுவது கடினமில்லை. அதன் அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், அவ்வளவுதான். இல்லையென்றால், கீழ் ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். டிஎச்சிபி என்பதை அணையுங்கள், வீட்டில் முகவரி கொடுக்கிறவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். கேபிளை வேன் (WAN) என்று எழுதிய துளையில் சொருகாமல் லேன் (LAN) துளையில் சொருகுங்கள். கீழே வைத்த அதே வைஃபை பெயர், அதே கடவுச்சொல், சேனல் மட்டும் வேறு.

கேபிள் வாங்கும் இடத்தில் ஒரு கவனம் வேண்டும். அலுமினியக் கம்பிமேல் செம்புப் பூச்சு கொடுத்த கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கும், பார்க்க ஒன்றுபோல் இருக்கும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். வளைத்தால் சீக்கிரம் முறியும். உள்ளே எட்டுக் கம்பிகள் இருக்கும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு போதும், அதற்கு மேல் என்றால் எட்டும் சரியாகச் சேர்ந்திருக்க வேண்டும். 300 எம்பிபிஎஸ் திட்டம் போட்டும் 95-ஐத் தாண்டவில்லை என்றால், ஒன்று முனையில் ஒரு கம்பி சேரவில்லை, அல்லது பெட்டியின் துளையே 100 எம்பிபிஎஸ் வகை. கரண்ட் ஒயர் போகிற குழாயில் இதைச் சேர்த்து இழுக்கவே கூடாது. வீட்டுக்கு வெளியே, மொட்டை மாடி வழியாகக் கொண்டுபோவதையும் தவிருங்கள். அருகில் இடி விழுந்தால் செம்புக் கம்பி அந்த மின்னலை இரண்டு பெட்டிகளுக்கும் கொண்டுவந்து சேர்க்கும்.

வேகம் மட்டும் என்றால் நல்ல மூன்று பட்டை மெஷ் கேபிளுக்கு அருகில் வரலாம். மின்தடை நாளில்தான் வித்தியாசம் தெரியும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று அறிவிக்கும் நாளில் காலை முதல் மாலை வரை கரண்ட் இருக்காது. ஃபைபர் அப்போதும் வேலை செய்யும், ஹாலில் பெட்டி இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் நம் ஊர் வீடுகளில் மாடிக்குப் பெரும்பாலும் தனி மீட்டர், இன்வெர்ட்டர் ஒயர் மேலே போயிருக்காது. மெஷ்ஷோ ரிப்பீட்டரோ, மேலே இருக்கிற பெட்டி அந்த நிமிடமே செத்துவிடும். என் பழைய ரவுட்டரும் செத்தது. அதற்காகத்தான் பிறகு அதை எடுத்துவிட்டு, கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்கிக்கொள்ளும் சின்ன ஆக்சஸ் பாயின்ட் ஒன்றை மாட்டினேன். பிஓஇ (PoE) என்று கேட்டால் கொடுப்பார்கள். அந்தத் தரம் 2003-லேயே வந்துவிட்டது, 15 வாட் வரை அதே கேபிளில் போகும். கேபிளில் மின்சாரத்தை ஏற்றிவிடும் இன்ஜெக்டரை ஹாலில் இன்வெர்ட்டர் பிளக்கில் சொருகியிருக்கிறேன், மேலே பிளக்கே தேவையில்லை. 24 வோல்ட், 48 வோல்ட் என இரண்டு வகை புழங்குவதால், பெட்டியோடு பொருந்துகிற இன்ஜெக்டரா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

குறை இல்லாமல் இல்லை. பழைய ரவுட்டருக்கு நிறுவனம் மென்பொருள் திருத்தம் அனுப்புவதை நிறுத்தியிருக்கும், பாதுகாப்புக்கு அது நல்லதில்லை. டபிள்யூபிஏ2 (WPA2) என்ற வைஃபை பூட்டு முறை கூட இல்லாத பெட்டி என்றால் பரணிலேயே இருக்கட்டும். எந்த வழியில் போனாலும், கடவுச்சொல் அடிக்காமலே இணைக்கிற டபிள்யூபிஎஸ் (WPS) வசதியை அமைப்பில் அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிகளில் உடைத்துவிடலாம் என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள்.

கரண்ட் ஒயர் வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் பெட்டிகளும் உண்டு. ஒரே மீட்டர், ஒரே ஃபேஸ் என்றால் பரவாயில்லை. தனி மீட்டர் வைத்த மாடிக்கும் மூன்று ஃபேஸ் வீட்டுக்கும் நம்பி வாங்க முடியாது, ஸ்பைக் பஸ்டரில் சொருகினாலும் சிக்னல் செத்துவிடும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பூச்சு வேலைக்கு முன், ஹாலிலிருந்து ஒவ்வொரு அறைக்கும், மாடிக்கும், வாசல் கேமரா இடத்துக்கும் தனியாக ஒரு குழாய் போடச் சொல்லுங்கள். கேபிள் இப்போதே வேண்டாம் என்றால் உள்ளே ஒரு இழுப்புக் கம்பியையாவது விட்டுவையுங்கள். பூசிய பிறகு சுவரைக் கொத்துகிற செலவை நினைத்தால் அந்தக் குழாயின் விலை ஒன்றுமே இல்லை.

ஏற்கனவே கட்டிய வீடு என்றால், இழுக்கப் போகிற பாதையில் முதலில் ஒரு சணல் கயிற்றை ஓட்டி அளந்து, அதற்கு மேல் இரண்டு மீட்டர் சேர்த்து வாங்குங்கள். மூலையில் திரும்பும் இடங்களிலும், முனை அடிப்பதில் ஒருமுறை தவறினால் வெட்டிப்போட்டு மறுபடி அடிக்கவும் அது வேண்டியிருக்கும்.